ராமநாதபுரத்துக்கு ஒரு புஷ்பக விமானம் வேண்டும்!

ராமேசுவரம் கரையில் வளரும் பிள்ளைகளுக்குப் புஷ்பக விமானத்தின் கதையைச் சொல்லித் தர வேண்டியது இல்லை. குபேரனிடம் இருந்து அதை ராவணன் பறித்துக் கொண்டான். ராவணன் மாண்ட பிறகு ராமனும் சீதையும் அதில் ஏறி அயோத்திக்குத் திரும்பினார்கள். போகும் வழியில், கீழே தெரிந்த சேது அணையை ராமன் சீதைக்குக் காட்டினான். எத்தனை பேர் ஏறினாலும் அந்த விமானத்தில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்குமாம்!

இன்னொரு புஷ்பக் உண்டு. அது நம் நாட்டுத் தொழிலாளிகள் கையால் செய்தது. பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் உருவாகி, 1958-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி முதன்முதலாகப் பறந்தது. இந்தப் புஷ்பக்கில் கூடுதலாக ஒருவர் ஏற முடியாது. இரண்டே இரண்டு ஆசனம்தான்! ஒன்று கற்றுக் கொடுப்பவருக்கு, மற்றொன்று கற்றுக் கொள்பவருக்கு.

இப்படி 150-க்கும் அதிகமான புஷ்பக் விமானங்கள் செய்யப்பட்டன. நாட்டின் பல ஊர்களில் இருந்த விமானப் பயிற்சிக் கழகங்களுக்கு அவை போயின. எத்தனையோ வாலிபர்கள் முதன்முதலாக ஆகாயத்தில் ஏறியது இந்தச் சிறு விமானத்தில்தான். பிறகு அவை ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன.

ஓய்ந்து போன அந்தப் புஷ்பக்கில் ஒன்றை ராமநாதபுரத்துக்குக் கொண்டு வர வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஏறி உட்கார வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

"சந்திரனுக்கு ராக்கெட் விடுகிற காலத்தில், துணி போர்த்திய பழைய விமானம் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் அந்த விமானம் எப்படிப்பட்டது என்று தெரிந்து கொள்ளட்டும்.

துணி இறக்கை!

ஆம், துணிதான்! புஷ்பக்கின் உடம்பு இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு. அதன் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, மேலே ஒருவகைப் பசைப் பூச்சுப் பூசி விடுவார்கள். பூச்சுக் காய்ந்ததும் துணி இறுகிப் பறைத்தோல் மாதிரி விறைப்பாகி விடும். விரலால் சுண்டினால் "டம்" என்று சத்தம் கேட்கும். இறக்கைக்கும் துணிதான் போர்வை.

ஒரு முனையில் இருந்து மறு முனை வரை இறக்கையின் நீளம் சுமார் 36 அடி. விமானத்தின் நீளம் சுமார் 21 அடி. இரண்டு ஆட்கள், பெட்ரோல், எல்லாம் சேர்த்து முழு எடை சுமார் 610 கிலோதான். அந்தக் காலத்தில் தெருவில் ஓடிய அம்பாசிடர் கார், ஆள் ஏறாமலேயே 1,000 கிலோவுக்கு மேல்! காரைவிட லேசான விமானம் என்றால் நம்பத் தோன்றுகிறதா?

இறக்கையின் பரப்பு சுமார் 175 சதுர அடி. எடையைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஒரு சதுர அடி இறக்கைக்கு வரும் பாரம் மூன்றரைக் கிலோ. அவ்வளவுதான்! மூன்றரைக் கிலோ என்பது கடையில் வாங்கி வரும் ஒரு சின்ன அரிசிப் பை. ஒவ்வொரு சதுர அடியும் ஒரு சின்ன அரிசிப் பையைத் தூக்கினால் விமானம் பறந்து விடும். ஐந்தாம் வகுப்புக் கணக்கில் ஆகாய விமானத்தின் ரகசியமே அடங்கி இருக்கிறது. பெரிய ஜெட் விமானத்தின் அருகில் பிள்ளையை நிறுத்தினால் இந்தக் கணக்கு புரியுமா? அதன் பெருமைதான் கண்ணுக்குத் தெரியும்.

காற்று எப்படித் தூக்குகிறது? பஸ்ஸில் போகும்போது சில பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார்கள். (நீட்டக் கூடாது. ஆனாலும் நீட்டுவார்கள்!) உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் கை தானாக மேலே எழும்பும். காற்றைக் கை கீழே தள்ளுகிறது. காற்று கையை மேலே தள்ளுகிறது. இறக்கை செய்வதும் அதுதான். பாய் விரித்துப் போன பழைய வள்ளங்களைப் பார்த்த பெரியவர்களுக்கு இது இன்னும் எளிதில் விளங்கும். பாயை எந்தக் கோணத்தில் பிடித்தால் வள்ளம் ஓடும் என்பது அவர்களுக்குக் கைவந்த வித்தை. பாயைப் படுக்க வைத்தால் அது இறக்கை!

வால் பக்கம் ஒரு பலகை நிமிர்ந்து நிற்கிறது. அதற்குச் சுக்கான் என்றே பெயர் வைக்கலாம். ஆனால் படகைப் போல, சுக்கானை மட்டும் திருப்பி விமானத்தைச் சரியாகத் திருப்ப முடியாது. சைக்கிள் வளைவில் சாய்வது போல விமானமும் சாய வேண்டும். அதற்காக இறக்கையின் ஓரத்தில் இரண்டு பலகைகள் இருக்கின்றன. ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும். பிடியை அசைத்தால் கம்பிக் கயிறு இழுக்கும், பலகை அசையும். இடையில் கம்ப்யூட்டர் இல்லை, மறைவும் இல்லை. கிணற்று ராட்டினம் போல எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு மின்பொறி

என்ஜின் அமெரிக்காவில் உள்ள காண்டினென்டல் கம்பெனியுடையது. 90 குதிரைச் சக்தி. இன்று நம் ஊரில் ஓடும் ஒரு சாதாரணக் காரின் சக்தியும் ஏறக்குறைய இவ்வளவுதான். நான்கு சிலிண்டர். பக்கத்துக்கு இரண்டாகக் கையை விரித்துப் படுத்திருக்கும். தண்ணீர் கிடையாது. எதிரே வரும் காற்றே என்ஜினைக் குளிர வைக்கிறது. முன்னால் உள்ள விசிறியை ஒருவர் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். மின்பொறி தரும் மாக்னெட்டோ என்ற கருவியும் இரண்டு. அதற்கு பாட்டரியே தேவை இல்லை. ஒன்று கெட்டாலும் மற்றொன்று என்ஜினை ஓட வைக்கும். பறப்பதற்கு முன் விமானி தரையிலேயே முதலில் ஒன்றை நிறுத்திப் பார்ப்பார், பிறகு மற்றதை நிறுத்திப் பார்ப்பார். இரண்டும் சரியாக இருந்தால்தான் கிளம்புவார். கடலுக்குப் போகும் முன்பு கயிற்றையும் நங்கூரத்தையும் ஒரு முறை பார்த்துக் கொள்ளும் மீனவரின் புத்திதான் இது.

என்ஜின் நின்று விட்டால்? கல் மாதிரி விழுந்து விடாது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, வேகத்தை இழக்காமல் மெதுவாக வழுக்கிக் கொண்டே வந்து, திறந்த வெளி கிடைத்தால் இறங்கலாம். வேகம் மிகவும் குறைந்தால்தான் ஆபத்து. அப்போது இறக்கைக்குப் பிடிப்பு விட்டுப் போகும். இதைத்தான் பயிற்சியின் தொடக்கத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பார்கள்.

பாம்பன் காற்றும் புஷ்பக்கும்

இதன் வேகம் மணிக்குச் சுமார் 85 மைல். ஒரு முறை பெட்ரோல் நிரப்பினால் சுமார் 250 மைல் போகும். சென்னையில் இருந்து ராமநாதபுரத்துக்கு ஆகாய மார்க்கத்தில் சுமார் 275 மைல். ஆகவே நேராக வர முடியாது! திருச்சியில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக் கொள்ள வேண்டும். சென்னையில் இருந்து திருச்சி 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். திருச்சியில் இருந்து ராமநாதபுரம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். இரவு முழுவதும் ரயிலில் வரும் தூரம். தனுஷ்கோடி முனையில் இருந்து தலைமன்னார் வரை கடல் சுமார் 18 மைல். புஷ்பக்குக்கு அது 13 நிமிஷ வேலை.

இவ்வளவும் காற்று இல்லாத நாளின் கணக்கு. ராமேசுவரம் கரையில் காற்று இல்லாத நாள் ஏது?

1914-ம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் போனால் ரயிலை விட மாட்டார்கள். 58 கிலோமீட்டர் என்றால் 36 மைல். அந்தக் காற்று புஷ்பக்குக்கு எதிரே அடித்தால் என்ன ஆகும்? 85-ல் 36 போக 49 மைல். தரையில் போகும் பஸ் வேகத்துக்கு வந்து விடும்! பின்னால் அடித்தால் 121 மைல். பக்கவாட்டில் அடித்தாலோ விமானம் நினைத்த இடத்துக்குப் போகாது. மூக்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்துக் கொண்டே போக வேண்டும். இறங்கும்போது இன்னும் தொல்லை. புஷ்பக்குக்கு இரண்டு சக்கரம் முன்னால், சின்னச் சக்கரம் ஒன்று வாலில். பக்கக் காற்றில் இறங்கினால் வாலைச் சுழற்றி விடப் பார்க்கும். அத்தகைய காற்றில் நல்ல விமானி இதைக் கிளப்பவே மாட்டார்.

கச்சானும் கொண்டலும் வாடையும் எப்போது வரும் என்று அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடம் பாதி தெரிந்த பாடம். பாடப் புத்தகத்தில் அது அவனுக்கு அந்நியமாகத் தெரிகிறது. விமானத்தின் பக்கத்தில் நிறுத்திச் சொன்னால், "இது எங்கள் அப்பாவுக்குத் தெரியுமே!" என்பான். ஒரு மீனவர் வீட்டுப் பையனோ பெண்ணோ அப்படிச் சொல்லும் நாள்தான் எனக்குப் பெரிது.

பார்த்து எழுதிய எழுத்து

புஷ்பக்கைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள். அது முழுக்க முழுக்கச் சொந்தச் சரக்கு அல்லவாம். அமெரிக்காவின் ஏரோங்கா சீப் என்ற சிறு விமானத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்டதாம்.

உண்மைதான். அதனால் என்ன? மணலில் விரலைப் பிடித்து "அ" எழுதாமல் எழுத்துக் கற்றவர் யார்? நம்முடைய சொந்தத் திட்டத்தில் பறந்த விமானமும் அதற்கு முன்பே இருந்தது. டாக்டர் வி. எம். காட்கே தலைமையில் உருவான எச்.டி.-2 என்ற பயிற்சி விமானம் 1951-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதியே பறந்து விட்டது. 155 குதிரைச் சக்தி கொண்ட ஒற்றை என்ஜின், இரண்டு ஆசனம். விமானப் படை வாலிபர்கள் பல ஆண்டுக் காலம் அதில்தான் பழகினார்கள். புஷ்பக்கைச் செய்து பழகிய பிறகு அதையே பெரிதாக்கி, கிருஷக் என்ற விமானத்தைச் செய்தார்கள். 1961-ல் அதே தொழிற்சாலையில் இருந்து மாருத் என்ற ஜெட் போர் விமானம் பறந்தது. பத்து ஆண்டுக்குள் துணி விமானமும் ஜெட் விமானமும் ஒரே கூரையின் கீழ்! சிறியதைச் செய்யத் தெரியாதவர்கள் பெரியதைச் செய்திருக்க முடியுமா?

ராமேசுவரத்துப் பையன்

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

1931-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி ராமேசுவரத்தில் அப்துல் கலாம் பிறந்தார். சரியாக ஓர் ஆண்டு கழித்து, 1932 அக்டோபர் 15-ந் தேதி, ஜே. ஆர். டி. டாடா ஒற்றை என்ஜின் கொண்ட பஸ் மாத் என்ற சிறு விமானத்தில் தபால் பைகளை ஏற்றிக் கொண்டு கராச்சியில் இருந்து பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். நாட்டின் விமானத் தபாலும் பெரிய விமானக் கம்பெனியும் அந்தச் சிறு விமானத்தில் இருந்துதான் வளர்ந்தன. கலாமின் முதல் பிறந்த நாளும் அதே நாள் என்பது தற்செயல்தான். ஆனாலும் நினைக்க இனிக்கிறது.

யுத்த காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்காது. ஓடும் ரயிலில் இருந்து பத்திரிகைக் கட்டுகளை எறிவார்கள். அதைப் பொறுக்கி எடுக்க உறவினருக்கு உதவிய சிறுவன்தான் கலாம். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய அய்யர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. உடனே எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார். நிஜப் பறவைகளைக் காட்டினார். பறப்பதைப் பற்றிய ஆசை தன் மனத்தில் விழுந்தது அன்றுதான் என்று கலாமே பல கூட்டங்களில் சொல்லி இருக்கிறார்.

ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி. பிறகு சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. அங்கே சேரப் பணம் வேண்டும். அக்காள் ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தக் கல்லூரியில் இரண்டு பழைய விமானங்கள் இருந்தன. சேவையில் இருந்து நீக்கப்பட்டு, காட்சிக்காக வைக்கப்பட்டவை. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் கலாம் அவற்றின் அருகிலேயே நெடுநேரம் இருப்பாராம். இரண்டாம் ஆண்டில் எந்தப் பாடம் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, விமானப் பொறியியல் என்று முடிவு செய்தார்.

பறக்காத இரண்டு விமானங்கள் செய்த வேலையைப் பார்த்தீர்களா?

படிப்பு முடிந்து பெங்களூர் இந்துஸ்தான் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். விமான என்ஜின்களைப் பிரித்து, தேய்மானம் பார்த்து, மீண்டும் பூட்டும் பிரிவில் வேலை பழகினார். எண்ணெய்க் கறை படிந்த வேலை! ஏவுகணை விஞ்ஞானியாகப் புகழ் பெற்றவரின் கை, முதலில் திருகியது பிஸ்டன் என்ஜின் திருகாணியைத்தான். விமானியாக வேண்டும் என்று டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்கும் போனார். 25 பேரில் 9-வது இடம். எடுத்தது 8 பேர்! அந்த ஆசை 2006-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி, ராஷ்டிரபதியாக இருந்தபோது, புனேயில் சுகோய் போர் விமானத்தில் பறந்துதான் தீர்ந்தது. அப்போது அவருக்கு வயது 74.

பேக்கரும்பில் 2017-ல் திறக்கப்பட்ட அவருடைய நினைவிடத்துக்குத் தினமும் ஜனங்கள் போகிறார்கள். ஏவுகணை மாதிரிகளைப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக் கொள்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கலாம் போய்ச் சேர்ந்த இடம்தான் அது. அவர் புறப்பட்ட இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா?

உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. 2009-ல் அதற்கு "ஐ.என்.எஸ். பருந்து" என்று பெயர் சூட்டினார்கள். சத்தம் கேட்டால் சுற்று வட்டாரப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். தளம் வேலிக்கு உள்ளே. அது அப்படித்தான் இருக்க வேண்டும். நாட்டுப் பாதுகாப்பு விஷயம். ஆகவே வேலிக்கு வெளியே ஒரு விமானம் வேண்டும் என்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 1936-ல் சரளா துக்ரால் என்ற 21 வயதுப் பெண், ஜிப்ஸி மாத் என்ற சிறு விமானத்தைச் சேலை கட்டிக் கொண்டு தனியாக ஓட்டினார். அப்போதே அவர் ஒரு குழந்தைக்குத் தாய்!

எங்கே வைப்பது?

ஆட்சேபனை சொல்பவர்களில் ஒருவர் பேச்சு மட்டும் எனக்கு நியாயமாகப் படுகிறது. உப்புக் காற்று என்று அவர் பயப்படுகிறார். சரிதான். பாம்பன் பாலத்து இரும்பையே தின்ற காற்று அது. மெல்லிய இரும்புக் குழாயும் துணியும் திறந்த வெளியில் எத்தனை நாள் தாங்கும்? கடற்கரையில் தூண் கட்டி அதன் மேல் விமானத்தை நிறுத்தும் யோசனை யாருக்காவது இருந்தால், அதை இப்போதே கைவிட வேண்டும். நாலு மழைக் காலத்தில் எலும்புக் கூடு ஆகிவிடும்.

கடலை விட்டுத் தள்ளி, ராமநாதபுரம் நகரிலோ பரமக்குடியிலோ, கூரை போட்ட கொட்டகையில் வைக்கலாம். மாவட்டத்தில் உள்ள தொழிற்பயிற்சி நிலையத்துப் பிள்ளைகளிடம் பராமரிப்பை ஒப்படைக்கலாம். பற்றவைக்கவும் திருகவும் கற்றுக் கொள்ளும் பிள்ளைகள்தானே? கிழிந்த துணியைப் புதிதாகப் போர்த்தட்டும். ஒரு பக்க இறக்கையில் மட்டும் துணி போடாமல் விட்டால், உள்ளே இருக்கும் சட்டம் எல்லோருக்கும் தெரியும். என்ஜினை ஆண்டுக்கு ஒரு முறை பிரித்துப் பூட்டட்டும்.

செலவு ஆகும். ஆனால் இது பறக்கப் போகிற விமானம் அல்ல. பறக்க அனுமதி வாங்க வேண்டாம், விமானி சம்பளம் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். லாரியில் கொண்டு வரும் செலவு, கொட்டகைச் செலவு, ஒரு காவலாளி. புஷ்பக் கிடைக்காவிட்டால் எச்.டி.-2 போதும். அதுவும் கிடைக்காவிட்டால், வேறு எந்தச் சிறு ஒற்றை என்ஜின் விமானமும் போதும். மாவட்ட நிர்வாகம் விமானப் பயிற்சிக் கழகங்களுக்கும் பெங்களூர் தொழிற்சாலைக்கும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். பழைய விமானங்களுக்காகத் தனி அருங்காட்சியகமே வைத்திருக்கும் தொழிற்சாலை அது.

ஒரே ஒரு நிபந்தனை. பிளக்கைக் கழற்றி வைத்து விட்டு, விசிறியைப் பிள்ளைகள் கையால் சுற்றிப் பார்க்க விட வேண்டும். உள்ளே உட்கார்ந்து பிடியை இழுத்து, வால் பலகை அசைவதைத் திரும்பிப் பார்க்க விட வேண்டும். சுற்றிக் கயிறு கட்டி, "தொடாதே" என்று பலகை மாட்டுவதாக இருந்தால், அது இப்போது நிற்கும் இடத்திலேயே நிற்கட்டும்.